படிச்சுக் கிழிச்சது

இங்க ஜெர்மனில, ம்யூனிக்ல, ஸ்கூல் லீவு விட்டா வேற யாருக்கும் இல்ல, எனக்குத்தான் தலைவலி. வீட்டுக்காரம்மாவுக்கு ஆஸ்பத்திரில ஷிஃப்ட், கேட்ட நாள்ல லீவு கிடைக்காது, நான் லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு வீட்லயே வேலை பாக்குறவன், அதனால பொண்ணு என் பொறுப்பு. மொதல் நாள் கார்ட்டூன், ரெண்டாவது நாள் பெயிண்டிங், மூணாவது நாள் காலைலயே சோஃபால தலைகீழா தொங்கிக்கிட்டு "போரடிக்குதுப்பா" ஆரம்பிச்சிருச்சு. சரி, அரை நாள் லீவைப் போடுவோம்னு மேனேஜருக்கு ஒரு மெயிலைத் தட்டிட்டு, ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, பாசிங் ஸ்டேஷன் போய் பஸ் புடிச்சு ப்ளூட்டன்பர்க் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனேன்.

கோட்டைன்னதும் செஞ்சி, திருமயம் ரேஞ்சுக்கு நினைச்சுக்காதீங்க. வெள்ளை அடிச்ச சின்னக் கோட்டை, மூலைக்கு மூலை குட்டி கோபுரம், சுத்தி தண்ணி, அதுல வாத்து, பக்கத்துல வூர்ம்னு ஒரு ஆறு, ஆறுன்னு சொல்றாங்க, நம்ம ஊர் கணக்குக்கு வாய்க்கால். ம்யூனிக் வந்த புதுசுல ரெண்டு மூணு வாட்டி வாத்து பாக்கப் போயிருக்கோம். உள்ள ஒரு லைப்ரரி இருக்குன்னு எனக்கு அப்ப தெரியாது. கூட வேலை பாக்குற ஜெர்மன்காரர் ஒருத்தர்தான் ஒரு நாள் கேன்டீன்ல சொன்னார், உலகத்துலயே குழந்தைங்க புத்தகத்துக்குன்னே இருக்குற லைப்ரரிகள்ல பெருசு உங்க வீட்டுலேருந்து அரை மணி நேரம், இன்னும் போகலையான்னு. ஆறு வருஷமா இந்த ஊர்ல இருந்துட்டு வாத்தை மட்டும் பாத்துட்டு வந்திருக்கேன்.

இந்தக் கோட்டைக்கு ஒரு காதல் கதையும் உண்டு. மூணாம் ஆல்ப்ரெக்ட்னு ஒரு இளவரசன், ஆக்ஸ்பர்க் ஊரு முடிவெட்டுறவர் மகள்னு சொல்ற ஆக்னஸ் பெர்னாவர் மேல ஆசைப்பட்டு ரகசியமா கல்யாணம் பண்ணிக்கிட்டானாம், ரெண்டு பேரும் இங்க இருந்திருக்காங்கன்னு சொல்றாங்க. அப்பன்காரன் எர்ன்ஸ்ட் டியூக்குக்கு விஷயம் தாங்கல. 1435ல மகன் ஊர்ல இல்லாத நேரம் பாத்து மருமகளைப் புடிச்சு டான்யூப் ஆத்துல முக்கிக் கொன்னுட்டான். மொத தடவை இதைப் படிச்சப்ப எனக்கு ஜெர்மன் சரித்திரம் படிக்கிற மாதிரியே இல்ல, நம்மூர் பேப்பர்ல மூணாம் பக்கம் படிக்கிற மாதிரி இருந்துச்சு. சரி அது இருக்கட்டும், விஷயத்துக்கு வர்றேன்.

லைப்ரரி பேரு இன்டர்நேஷனல் யூத் லைப்ரரி. உள்ள போனா முதல்ல குழந்தைங்க புத்தகம் எடுத்துட்டுப் போற பகுதி. பல மொழில புத்தகம் இருக்கு, எங்க வீட்டு அம்மணி நேரா படக்கதை இருக்குற பக்கம் போய் தரையில குப்புறப் படுத்துட்டா. நான் பக்கத்துல உக்காந்து அவ புரட்டுற புத்தகத்தைப் பாத்தேன். முதுகுல டேப், டேப் மேல இன்னொரு டேப், உள்ள ஒரு பக்கத்துல கரடி மூஞ்சி மேல யாரோ ஒரு புள்ள பச்சை கிரேயான்ல மீசை போட்டிருக்கு, கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்துல ஓரம் முழுக்க ஏதோ ஜாம் மாதிரி கறை. நாலஞ்சு வருஷத்துக்கு மேல தாங்காது அந்தப் புத்தகம். தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கி வைப்பாங்க.

அங்க இருந்த அம்மாகிட்ட சும்மா பேச்சுக் கொடுத்தேன், என்னோட ஓட்டை ஜெர்மன்லதான். இது எவ்வளவு பெரிய லைப்ரரின்னு சொன்னாங்களே, இந்த ரெண்டு மூணு ரூம்தானான்னு. அவங்க சிரிச்சிட்டு விரலை தரையைப் பாத்துக் காட்டினாங்க. நீங்க நடந்து வந்தீங்களே முற்றம், அதுக்கு அடியிலதான் மத்ததெல்லாம்னு.

நான் கல்லுபாவின தரையில வாத்துக்குப் போட்ட ரொட்டித் துண்டைப் பொறுக்கிக்கிட்டு நடந்து வந்திருக்கேன், அதுக்குக் கீழ ஆறு லட்சத்துக்கு மேல குழந்தைங்க புத்தகம், இருநூறு மொழிக்கு மேல, வரிசையா நிக்குது. அதை யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. ரீடிங் ரூம்ல உக்காந்து கேட்டா எடுத்துக் கொடுப்பாங்க, அங்கயே பாத்துட்டு அங்கயே குடுத்துடணும். அதாவது மேல குழந்தைங்க கரடிக்கு மீசை வரைஞ்சுக்கிட்டிருக்கு, கீழ குழந்தைங்க கை படாத குழந்தைங்க புத்தகம். எனக்கு மொதல்ல இது ஒரு மாதிரி இருந்துச்சு. குழந்தை படிக்காம குழந்தை புத்தகம் எதுக்கு?

வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் ராத்திரி ராத்திரி அந்த லைப்ரரி கதையையே படிச்சுக்கிட்டிருந்தேன். அது ஆரம்பிச்ச கதையை யாராச்சும் தமிழ்ல விரிவா எழுதணும்னு தோணுச்சு, யாரும் எழுதலைன்னா நானே.

யெல்லா லெப்மான்னு ஒரு அம்மா. 1891ல ஸ்டுட்கார்ட்ல பொறந்தவங்க, யூதக் குடும்பம். புருஷன் சின்ன வயசுலயே போய்ட்டார், ரெண்டு புள்ளைங்க, பத்திரிகைல வேலை பாத்து வளத்தாங்க. ஹிட்லர் வந்ததும் வேலை போச்சு, 1936ல நாட்டை விட்டே கிளம்பி கடைசியில இங்கிலாந்து. பத்து வருஷம் கிட்ட. சண்டை முடிஞ்ச கையோட, 1945 அக்டோபர்ல, அமெரிக்க ராணுவம் இவங்களை ஜெர்மனிக்கே திரும்பக் கூட்டிட்டு வருது, பெண்கள், சின்னப்பசங்க விஷயத்துல ஆலோசகர்னு ஒரு பதவி. யாரு தன்னைத் துரத்துனாங்களோ அவங்க ஊருக்கு, தன்னைத் தோக்கடிச்சவன் யூனிஃபார்மை மாட்டிக்கிட்டு... இல்ல தப்பா சொல்லிட்டேன், அவங்களைத் தோக்கடிச்சவன் யூனிஃபார்மை மாட்டிக்கிட்டு. நானா இருந்தா வந்திருப்பேனான்னு தெரியல. வந்திருந்தாலும் நாலு பேரை நல்லாக் கேட்டுட்டுப் போயிருப்பேன்.

வந்து பாத்தா ஊரே செங்கக் குவியல். புள்ளைங்க அந்த இடிபாட்டுல விளையாடுது, பசி, குளிர். படிக்கவும் ஒண்ணும் இல்ல. பன்னண்டு வருஷமா வந்த குழந்தைங்க புத்தகத்துல நிறைய விஷம், அதைக் கொடுக்க முடியாது. நான் சும்மா பேச்சுக்கு விஷம்னு சொல்லல, 1938ல யூதர் மேல வெறுப்பை ஊட்டுறதுக்குன்னே குழந்தைங்களுக்கு ஒரு படப் புத்தகம் போட்டிருக்காங்க, அதோட பேரே 'விஷக் காளான்'தான். சின்னப் புள்ள கையில கொடுக்குற புத்தகம் எவ்வளவு வேலை செய்யும்னு நமக்கு முன்னாடி அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, அதுதான் பயமா இருக்கு.

லெப்மான் அம்மா யோசிச்சது இதுதான்: இந்தக் குழந்தைங்க ஒரு தப்பும் பண்ணல, இதுங்ககிட்டேருந்து ஆரம்பிப்போம். கையில காசு கிடையாது. இருபது நாட்டுக்கு லெட்டர் போட்டாங்க, உங்க ஊருப் புள்ளைங்க படிக்கிற நல்ல புத்தகமா அனுப்புங்க, எங்க புள்ளைங்க பாக்கட்டும்னு. நேத்து வரைக்கும் குண்டு போட்டுக்கிட்ட நாடுங்ககிட்ட! நல்லா யோசிச்சுப் பாருங்க, அந்த லெட்டரை ஒருத்தன் பிரிச்சுப் படிக்கும்போது அவன் வீட்லயே கூரை இருந்திருக்குமா என்னவோ. ஆனா புத்தகம் வந்துச்சு. பெல்ஜியம் மட்டும் முடியாதுன்னு பதில் போட்டுச்சு, ரெண்டு தடவை உங்காளுங்க எங்க ஊருக்குள்ள படையோட வந்திருக்காங்க, மன்னிக்கணும்னு. நியாயம்தானே. இந்தம்மா விடல. திரும்ப எழுதினாங்க, மூணாவது தடவை வராம இருக்கணும்னா இந்தப் புள்ளைங்க வேற மாதிரி வளரணும், அதுக்குத்தான் கேக்குறேன்ங்கிற மாதிரி. பெல்ஜியம் அனுப்புச்சு, அதுவும் அருமையான புத்தகமா.

1946 ஜூலை 3, ம்யூனிக்ல கண்காட்சி திறக்குறாங்க. எங்க தெரியுமா? ஹவுஸ் டெர் குன்ஸ்ட். நாஜி கலை இதுதாண்டான்னு காட்ட ஹிட்லர் ஆசை ஆசையா கட்டி 1937ல திறந்த கட்டடம். ஊர்ல உருப்படியா கூரையோட நின்ன பெரிய இடம்னா அது மாதிரி ஒண்ணு ரெண்டுதான் இருந்திருக்கும்னு வச்சுக்குவோம், ஆனாலும் எனக்கு இதுல ஒரு அல்ப சந்தோஷம். எந்த ஹால்ல அவன் நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தானோ அதே ஹால்ல, அவன் துரத்திவிட்ட யூத அம்மா, அவன் எதிரி நாட்டுக் குழந்தைங்க புத்தகத்தை அடுக்கி வச்சிருக்காங்க.

கண்காட்சி அப்புறம் ஸ்டுட்கார்ட், ஃப்ராங்க்ஃபர்ட், பெர்லின்னு ஊர் ஊராப் போச்சு. பெர்லின்ல கிறிஸ்துமஸ் நேரம். பாக்க வர்ற புள்ளைங்க எல்லாம் இதை வீட்டுக்குக் கொண்டு போலாமான்னு கேக்குதுங்க, எப்படிக் கொடுக்குறது, இருக்குறதே புத்தகத்துக்கு ஒரு காப்பி. இந்தம்மா என்ன பண்ணாங்கன்னா ஃபெர்டினாண்ட்ங்கிற காளை கதையை, சண்டைக்கே போகாம மரத்தடியில உக்காந்து பூ மோந்துக்கிட்டே இருக்குமே அந்தக் காளை, அதைத் தானே ஜெர்மன்ல மொழிபெயர்த்து நியூஸ் பேப்பர் தாள்ல 30,000 காப்பி அடிச்சு சும்மா கொடுத்தாங்க. ஹிட்லர் காலத்துல ஆகாதுன்னு ஒதுக்கின கதை அது.

இதுல என்னைப் புடிச்சு உலுக்கின விஷயம் வேற. அந்த 30,000 காப்பில இன்னைக்கு எத்தனை இருக்கும்? நியூஸ் பேப்பர் தாளு. பசியில இருக்குற ஊரு, அடுப்பு பத்த வைக்கவே காகிதம் இல்லாத குளிர்காலம். அதையும் மீறி ஒரு புள்ள அதைத் தலைமாட்டுல வச்சுப் படுத்திருந்தா, திரும்பத் திரும்பப் படிச்சுப் படிச்சே அது நைஞ்சு போயிருக்கும்.

குழந்தைங்க புத்தகத்தோட தலையெழுத்தே அதுதான். பெரியவங்க புத்தகம் யாரும் படிக்காமலே கண்ணாடி பீரோவுல நூறு வருஷம் இருக்கும். குழந்தைங்க புத்தகம் புடிச்சுப் போச்சுன்னா செத்துச்சு. சோத்துக் கையோட தொடும், படத்தை வெட்டி நோட்டுல ஒட்டும், தம்பி தங்கச்சிக்குப் போகும், மழையில நனையும், கப்பல் ஆகும். புடிக்காத புத்தகம்தான் முழுசா மிஞ்சும். அதனால நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் வந்து அந்தக் காலத்துப் புள்ளைங்க எதை விரும்பிப் படிச்சுதுன்னு தேடினா, கையில கிடைக்கிறது பூரா எவனும் விரும்பாததாத்தான் இருக்கும். எங்கப்பா என்னைத் திட்டும்போது "படிச்சுக் கிழிச்சது போதும், போய் கரண்ட் பில் கட்டிட்டு வா"ம்பார். அவர் அறியாமலே பெரிய உண்மையைச் சொல்லியிருக்கார்.

இப்பதான் எனக்கு அந்த முற்றத்துக்கு அடியில இருக்குற விஷயம் புரிஞ்சுது. யாரோ ஒருத்தர் ஒரு காப்பியை குழந்தைங்க கண்ணுல காட்டாம எடுத்து வைக்கணும். கொஞ்சம் கொடுமையாத்தான் இருக்கு, வேற வழி இல்ல.

லைப்ரரி மொதல்ல கோட்டையில இல்ல. 1949 செப்டம்பர்ல ஷ்வாபிங் பக்கம் கௌல்பாக் தெருவுல ஒரு பழைய வீட்டுல ஆரம்பிச்சாங்க, ராக்ஃபெல்லர் ஃபவுண்டேஷன் காசு கொடுத்துச்சு, அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ரூஸ்வெல்ட்டோட மனைவி எலனோர் ரூஸ்வெல்ட் ஆதரவு இருந்துச்சு. அங்க புள்ளைங்களுக்கு பெயிண்டிங் ரூம், வேற மொழி கத்துக்க கிளாஸ், படிச்ச புத்தகத்தைப் பத்தி அதுங்களே சண்டை போட்டு விவாதம் பண்ணன்னு ஏகப்பட்டது நடந்திருக்கு. 1953ல சூரிச்ல குழந்தைங்க புத்தகத்துக்குன்னு ஒரு சர்வதேச சங்கமும் இந்தம்மா ஆரம்பிச்சதுதான், குழந்தைங்க புத்தக எழுத்தாளர், ஓவியர்களுக்கு ஆண்டர்சன் விருது கொடுக்குறது அந்தச் சங்கம்தான், ஏப்ரல் 2 குழந்தைங்க புத்தக தினம்னு வாட்ஸாப்ல ஃபார்வேர்டு வருதே, அதுக்கும் வேர் இங்கதான். 1957ல லைப்ரரி பொறுப்பை விட்டுட்டாங்க, 1970ல சூரிச்ல இறந்துட்டாங்க. கோட்டைக்கு லைப்ரரி வந்தது 1983ல, அதை அவங்க பாக்கல.

சரி, ஆராய்ச்சி ஆராய்ச்சிங்கிறாங்களே, கரடி கதைல என்னத்தை ஆராய்வாங்கன்னு என் ஃப்ரெண்டு ஒருத்தன் போன்ல கேட்டான். நியாயமான கேள்வி. ஒரு உதாரணம் சொல்றேன். பிப்பின்னு ஒரு ஸ்வீடன் கதை, சிவப்பு ஜடை ரெண்டு பக்கமும் நட்டுக்கிட்டு நிக்கும், குதிரையையே தூக்குவா, ஜெர்மனில இவளைத் தெரியாத புள்ள கிடையாது. அவ அப்பா எங்கயோ தீவுல 'நீக்ரோ ராஜா'வா இருக்கார்னு பழைய ஜெர்மன் பதிப்புல இருக்கும். 2009 பதிப்புல அதை 'தென்கடல் ராஜா'ன்னு மாத்திட்டாங்க. மாத்தினது சரின்னுதான் நான் நினைக்கிறேன், என் பொண்ணு படிக்கிற புத்தகத்துல அந்த வார்த்தை வேணாம், அவளையே கிளாஸ்ல ஒருத்தன் தோல் நிறத்தைப் பத்திக் கேட்டுட்டு இருக்கான். ஆனா கடையில இப்ப புதுசுதான் கிடைக்கும். அறுபது வருஷமா இந்த ஊர்ப் புள்ளைங்க எதைப் படிச்சு வளந்துச்சு, எப்ப மாறுச்சு, ஏன் மாறுச்சுன்னு ஒருத்தர் எழுதணும்னா பழைய பதிப்பும் வேணும் புதுப் பதிப்பும் வேணும், ரெண்டையும் பக்கம் பக்கமா வச்சுப் பாக்கணும். இல்லைன்னா அந்த வார்த்தை அங்க இருந்ததே இல்லைன்னு நாளைக்கு ஒருத்தன் சாதிப்பான்.

இதுக்குன்னே வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களுக்கு ஸ்டைபெண்ட் கொடுத்துக் கூப்பிட்டு வச்சு சில மாசம் படிக்க விடுறாங்க. உலகம் முழுக்க பதிப்பகங்கள் புதுப் புத்தகத்தை இங்க அனுப்புது, ஒவ்வொரு மொழிக்கும் தெரிஞ்ச ஆட்கள் படிச்சுப் பாத்து, வருஷத்துக்கு 200 புத்தகம் போலப் பொறுக்கி 'வெள்ளைக் காக்கை'ன்னு ஒரு பட்டியல் போடுறாங்க. பேரு அழகா இருக்குல்ல? கறுப்புக் காக்கா கூட்டத்துல தனியாத் தெரியுறது.

இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்கு வேற ஒரு குடைச்சல். நான் காரைக்குடிக்காரன். எங்க ஊர்லேருந்து சைக்கிள்ல போற தூரம் கோட்டையூர். அங்க முத்தையான்னு ஒருத்தர், போர்டு எழுதுற கடை வச்சிருந்தவர், கடை பேரு ரோஜா ஆர்ட்ஸ், அதனால ரோஜா முத்தையா. சம்பாதிச்ச காசையெல்லாம் பழைய புத்தகத்துல போட்டார். புத்தகம் மட்டுமில்ல, நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகைன்னு மத்தவன் குப்பைங்கிறதையெல்லாம் சேர்த்தார். 1992ல அவர் இறந்தப்புறம் சிகாகோ யுனிவர்சிட்டி அந்தச் சேகரிப்பை வாங்கி, சென்னையிலயே வச்சு லைப்ரரி ஆக்கினாங்க. இன்னைக்கு பழைய தமிழ் அச்சைப் பத்தி யார் எழுதினாலும் அந்தப் படி ஏறாம முடியாது. நான் ஸ்கூல் படிக்கிற காலத்துல அவர் உயிரோட இருந்தார், கோட்டையூர்ல எங்க அத்தை வீட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கேன், ஒரு தடவை கூட எனக்கு யாரும் சொல்லல. ப்ளூட்டன்பர்க்ல வாத்தை மட்டும் பாத்துட்டு வந்தவன்தானே, அப்பவே அந்தப் புத்தி.

என்கிட்டயும் ஒரு லைப்ரரி இருந்துச்சு. அம்புலிமாமா, கோகுலம், பூந்தளிர் எல்லாம் மாசா மாசம். அம்புலிமாமாவை மட்டும் அப்பத்தா வருஷத்துக்கு ஒண்ணா பைண்டு பண்ணி வைக்கச் சொல்லுவாங்க, காலிகோ முதுகு, ஊதா மார்பிள் அட்டை, பைண்டர் வேட்டியில கோந்து ஒட்டிக்கிட்டு இருக்கும், புத்தகத்தைத் திறந்தா மைதா பசை வாசம் வரும், கரப்பானுக்கும் அந்த வாசம் புடிக்கும்ங்கிறது வேற விஷயம். பைண்டு பண்ணும்போது அட்டைப்படத்தைக் கிழிச்சுட்டுத்தான் பண்ணுவாங்க, அது ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

அம்மாவுக்குப் போன் போட்டேன். பரண்ல இருக்கான்னு.

"எது, அந்த பைண்டா? நீ காலேஜ் சேந்த வருஷமே உங்கப்பா எடைக்குப் போட்டாச்சேடா. மூட்டை கட்டி சைக்கிள்ல வச்சு இவரே கொண்டு போனாரு. இப்ப எதுக்கு?"

ஒண்ணுமில்லம்மா, சும்மான்னு சொல்லிட்டேன். என்னத்தைச் சொல்றது, இங்க ஒரு கோட்டைக்கு அடியில ரூம் கட்டி வச்சிருக்காங்கம்மான்னா?

ரெண்டு நாள் கழிச்சு அம்மாகிட்டேருந்து வாட்ஸாப்ல ஒரு போட்டோ. கொஞ்சம் ஆட்டம், ஓரத்துல அம்மா கட்டைவிரல். பித்தளைச் சாமான் வைக்கிற டிரங்குப் பெட்டி, அடியில விரிச்ச காகிதம். பெரிசாக்கிப் பாத்தேன். உருவின வாளோட ஒரு ராஜா, தோள்ல பொணம், சுத்தி மரம், மண்டை ஓடு. சங்கர் வரைஞ்ச விக்கிரமாதித்தன். பழுப்பேறி, குத்துவிளக்கு அடிப்பாகம் வட்டமாப் பதிஞ்சு, ராஜாவோட ஒரு காலைக் காணோம்.

உடனே கூப்பிட்டேன். அம்மா அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கிறேன், மடிக்காம ஒரு நோட்டுக்குள்ள வைங்கன்னேன்.

"வைக்கிறேன் வைக்கிறேன். அப்ப டிரங்குல எதை விரிக்கிறது? இப்ப வர்ற பேப்பர் எல்லாம் பித்தளையில மை ஒட்டுதுடா."